மூன்றாவது கோப்பைக்குப் பிறகு

அத்தியாயம் பதினொன்று

ராதோய்கா வைத்துவிட்டுப் போன ராஜினாமாக் கடிதம் ஆறு நாளாக மேஜையில் அதே இடத்தில் கிடந்தது. நெவெங்கா அதன்மேல் காபிக் கோப்பை படாமல் பார்த்துக்கொண்டாள். அந்தக் கடிதத்துக்காக அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

போன வாரம் இந்தக் கடிதத்தின் முன்னால்தான் அவளை விட்டுவிட்டு வந்தோம். அப்பா ஒப்ராத் பிப்ரவரியில் பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து, செர்பியாவின் சிற்றூரான அரில்யேவின் கடைசித் தெருவில் இருக்கும் அந்த ஸ்வெட்டர் கம்பெனி நெவெங்காவின் தலையில் இறங்கியிருந்தது. ஒன்பது மாதம். ஒரு ஞாயிறுகூட அவள் ஏழு மணிக்கு மேல் தூங்கியதில்லை.

ராதோய்கா போனால் என்ன ஆகும் என்று புரிய, ஒரு ஸ்வெட்டர் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். பின்னுகிற இயந்திரம் உடலைத் தனியாக, கையைத் தனியாக, கழுத்துப்பட்டையைத் தனியாகப் பின்னித் தள்ளிவிடும். அதற்கு ஆள் பலம் அதிகம் வேண்டாம். கழுத்தை உடலோடு சேர்ப்பதுதான் சங்கதி. அதற்கென்று ஒரு வட்டமான இயந்திரம் உண்டு. சூரியகாந்தியின் இதழ்கள்போல விளிம்பு முழுக்க ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கழுத்தின் ஒவ்வொரு கண்ணியையும் ஒவ்வொரு ஊசியில் கையால் மாட்ட வேண்டும். கறுப்பு நூல் என்றால் கண்ணுக்கே தெரியாது, விரல்தான் பார்க்கும். ஒரே ஒரு கண்ணி தப்பினாலும் அன்றைக்குத் தெரியாது. மூன்று தடவை துவைத்த பிறகு ஜெர்மனியில் யாரோ ஒருவர் கழுத்தில் அது பிரியும்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம். கம்பெனியில் கழுத்துக் கோக்கும் பெண்கள் ஏழு பேர். தலைவி ராதோய்கா. அவள் போனால் யாகோதா போவாள், யாகோதா போனால் இன்னும் மூன்று பேர். நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் கேபிள் தொழிற்சாலை, வீட்டு வாசலுக்கே பஸ் அனுப்புகிறது. ஜனவரி முடிவதற்குள் பன்னிரண்டாயிரம் ஸ்வெட்டர் லாரி ஏற வேண்டும். மிச்சமிருக்கும் இரண்டு பேர் மே மாதம்வரை கோத்தாலும் முடியாது. முடியாவிட்டால் அவற்றை வாங்கும் ஜெர்மன்காரர்கள் மறுபடி வரமாட்டார்கள். வேறு வாடிக்கையாளர் இந்தக் கம்பெனிக்கு இல்லை.

"இன்னும் அதையே பாத்துட்டிருக்கியா?" என்றபடி வெலிமிர் உள்ளே வந்தான். தம்பி. பெல்கிராதில் நிர்வாகப் படிப்பு படித்துவிட்டு, ஆறு வருடம் ஒரு பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, அப்பா படுத்ததும் திரும்பி வந்தவன். அவன் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம்.

"வேற என்னத்தப் பாக்க?"

"சம்பளத்தப் பத்து பெர்சென்ட் ஏத்தினோம். காபி மெஷின் வெச்சோம். மாசத்துக்கு ஒரு சிறந்த தொழிலாளின்னு படம் மாட்டினோம்."

"மொத படம் மிலுங்காவோடது, அத எடுத்துடச் சொல்லி அவ அழுதா. எல்லாரும் அவள 'டைரக்டர் மேடம்'னு கூப்பிட்டு ஒரு வாரமா ஓட்டினாங்க. டீக்கு உக்காந்தா எல்லாரும் எழுந்து நிக்கறாங்களாம்."

வெலிமிருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இனி விளக்கப் போகிறான் என்று நெவெங்காவுக்குத் தெரியும்.

"பாரு. சம்பளம் கம்மியா இருந்தா மனுஷன் எரிச்சல்ல இருப்பான். ஏத்தினா எரிச்சல் அடங்கும். அவ்வளவுதான். எரிச்சல் அடங்கினதால வேலைல ஆசை வந்துடாது. அது வேற குழாய், இது வேற குழாய். நாம இத்தன மாசமா முதல் குழாயத்தான் திறந்துட்டிருந்தோம்."

"ரெண்டாவது குழாய் எங்க இருக்கு?"

"அது அப்பாவுக்குத் தெரியும்" என்றான் வெலிமிர், கொஞ்சம் கசப்போடு. "படிக்காமலே தெரியும். வருஷத்துக்கு இருபத்தாறு ஸ்லாவா. ஒரு வீடு விடமாட்டார். போன வருஷம் அவரால முடியாம ஆரம்பிச்சப்போ நீ என்ன பண்ணின? டிரைவர் கையில காபியும் வைனும் குடுத்தனுப்பின. பையில நம்ம கம்பெனி பேரு வேற அச்சடிச்சு."

அது நெவெங்காவுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. ஸ்லாவா என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதற்கே உரிய புனிதரின் நாள். தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. யாரும் யாரையும் அழைப்பதில்லை. வர வேண்டியவர்கள் வருவார்கள். வராமல் பையை மட்டும் அனுப்புவது, வந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது போல. அதைச் சரிக்கட்டத்தான் செப்டம்பரில் எல்லோரையும் கூட்டி, "இனிமே எல்லார் வீட்டு ஸ்லாவாவுக்கும் நானே நேர்ல வருவேன்" என்று அறிவித்தாள். வெலிமிர் இருபத்தாறு தேதிகளையும் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் குத்தினான்.

பட்டியலில் முதல் வீடு ராதோய்காவுடையது. நவம்பர் எட்டு, 'மித்ரோவ்தான்' என்ற புனிதர் நாள். இன்று.

"போ. சாப்பிடு. அவகிட்ட கேளு" என்றான் வெலிமிர். "இருக்கச் சொல்லிக் கேளு. வேற வழியில்ல."

*

கிளம்புவதற்கு முன் அப்பாவைப் பார்க்க வீட்டுக்குப் போனாள். ஒப்ராத் ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டிருந்தார். மகள் நல்ல கோட்டு போட்டிருப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ராதோய்கா வீடா? ஆட்டுக்கறி இருக்கும். பன்னி வெக்க மாட்டா அவ, ஆடுதான்."

"வேலையிலேர்ந்து நிக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டாப்பா."

"எழுதினா என்ன? காகிதம்தானே." வார்த்தை கொஞ்சம் குழறியது, ஆனால் குரலில் பழைய முதலாளி இருந்தார். "உள்ள போனதும் கேக்காத. கோதுமைய வாயில போட்டுக்க, சிலுவை போட்டுக்க. குடும்பத்த விசாரி. மொதக் கோப்பை, ரெண்டாவது கோப்பை, வாயே திறக்காத. மூணாவது ஊத்துவாங்க பாரு, அதுக்கப்புறம் கேளு."

"ஏன் மூணாவது?"

"அதுக்குள்ள நீ அந்த வீட்டு மனுஷி ஆயிடுவ. வீட்டு மனுஷி கேட்டா யாரு இல்லன்னு சொல்லுவா?" சிரித்தார். "ஊரே சொல்லும், ஒப்ராத் ஆளுங்கள மனசாலதான் கட்டி வெச்சிருக்கான்னு."

நெவெங்கா அவர் கழுத்துச் சால்வையைச் சரி செய்தாள். அவளுக்கு அவர்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. அவளுக்கு மனசு என்ற ஒன்று இருப்பதே இந்த ஒன்பது மாதத்தில் மறந்துபோயிருந்தது.

*

முதல் ஷிப்டு இரண்டு மணிக்கு விடும். இரண்டரைக்கு நெவெங்கா போனபோது, யாகோதாவும் மிலுங்காவும் வேலையிலிருந்து நேராக வந்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நிற்கும்போதே உள்ளிருந்து பெரிய சிரிப்புச் சத்தம். யாகோதா எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்த ராதோய்கா ஒரு நொடி அப்படியே நின்றாள். ஐம்பத்தெட்டு வயது, கட்டையான உருவம், தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். கணவன் போன பிறகு அவர் வீட்டு ஸ்லாவாவை ஒற்றையாகத் தாங்கிக்கொண்டிருப்பவள். மகன் வெளிநாட்டில், லுப்லியானாவில்.

"வந்துட்டியா" என்றாள். "வா, உள்ள வா."

"நல்லா நடக்கட்டும் உங்க ஸ்லாவா" என்று நெவெங்கா காபியையும் வைனையும் நீட்டினாள். இந்த முறை பையில் பெயர் அச்சடித்திருக்கவில்லை.

வேகவைத்து, வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த கோதுமையை ஒரு கரண்டி நின்றபடி சாப்பிட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அலமாரியின்மேல் பெரிய மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

அவள் கூடத்துக்குள் நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கிழவர் திகோமிர், ராதோய்காவின் கணவனுக்கு அண்ணன், தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "முதலாளி வீட்டு இடம் இது. எல்லாரும் நிமிந்து உக்காருங்க. யாகோதா, முழங்கைய மேஜைலேர்ந்து எடு, மார்க் கொறையும்."

சிலர் சிரித்தார்கள். யாகோதா சிரிக்கவில்லை.

"ஐயோ, நீங்க உக்காருங்க, நான் இந்த ஓரத்துல..."

"அங்கதான் உங்கப்பா உக்காருவார்" என்றாள் ராதோய்கா. சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி, பிறகு ஆடு. தலைமாட்டுத் தட்டில்தான் நல்ல துண்டு விழுந்தது. ராதோய்கா மட்டும் உட்காரவில்லை. ஸ்லாவா வீட்டுக்காரர் அன்று முழுக்க நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்; வந்தவர்களுக்குப் பரிமாறத்தான் அந்த நாள். ஆறு நாளும் இயந்திரத்தின் முன்னால் முதுகு ஒடிய உட்காருகிறவள், இன்று கால் வலிக்க நின்றாள்.

முதல் கோப்பை பிளம் சாராயம், வீட்டில் வடித்தது. நெவெங்கா மகனைப் பற்றி விசாரித்தாள். லாரி ஓட்டுகிறான், நல்லா இருக்கான்.

இரண்டாவது கோப்பை. பனி எப்போது விழும், ராஸ்பெர்ரிச் செடிகளைக் கட்டியாயிற்றா என்று பேச்சு போயிற்று. எல்லோரும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்கள். பரீட்சை எழுதுவதுபோல இருந்தது. திகோமிர் மட்டும் ஒரு கழுதைக் கதையை ஆரம்பித்து, பாதியில் நெவெங்காவைப் பார்த்துவிட்டு, அந்தக் கதையை வேறு பக்கமாகத் திருப்பி முடித்தார்.

ராதோய்கா வந்து மூன்றாவதை ஊற்றினாள்.

ஊற்றிவிட்டு நகரவில்லை. பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஏப்ரனில் துடைத்து, வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள். மிலுங்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். யாகோதா ஜன்னலைப் பார்த்தாள். கூடத்தில் ஒருவரும் மெல்லவில்லை.

நெவெங்காவுக்குப் புரியவில்லை. "என்னக்கா?"

"கேளு."

"என்ன கேக்கணும்?"

"மூணாவது ஊத்திட்டேனே" என்றாள் ராதோய்கா. குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. "உங்கப்பா இந்த இடத்துலதான் கேப்பார். சீக்கிரம் கேட்டுட்டா நாங்க கேக் சாப்பிடலாம்."

நெவெங்காவின் காது சூடாயிற்று. கையிலிருந்த கோப்பையைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

"நான்... தண்ணி கொஞ்சம் எடுத்துக்கறேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள்.

*

ராதோய்கா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். அடுப்பின்மேல் நான்கு பாத்திரங்கள். தொட்டி நிறையத் தட்டுகள்.

"உனக்குத் தெரியாதா நெஜமாவே?"

"மூணாவது கோப்பைன்னு சொன்னார். அதுக்குள்ள வீட்டு மனுஷி ஆயிடுவேன்னு சொன்னார்."

ராதோய்கா மூக்கால் சிரித்தாள். குழாயைத் திறந்து, பழக்கத்தில் ஒரு தட்டைக் கழுவ ஆரம்பித்தாள்.

"எம் புருஷன் செத்து அஞ்சு மாசம். அந்த வருஷ ஸ்லாவா. இருபது பேரு உக்காந்திருக்காங்க, பாதிரியார் உட்பட. மெழுகுவர்த்தி எரியுது. மூணாவது கோப்பை. உங்கப்பா எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றார், 'ராதோய்கா, புது வருஷம் வரைக்கும் ஞாயித்துக்கிழமையும் வந்துடு, உன்ன விட்டா எனக்கு யாரும்மா இருக்கா'ன்னு. நான் என்ன சொல்லணும்? வீட்டுக்கு வந்த விருந்தாளி. அன்னிக்கு அவர் கேட்டா உசுரக் குடுக்கணும். எட்டு ஞாயிறு போனேன். எம் பையனுக்கு அப்போ ஒன்பது வயசு. எட்டு ஞாயிறும் தனியா இருந்தான்."

நெவெங்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அடுத்த வருஷம் யாகோதா. மாமியார் படுத்த படுக்கையா இருந்தாங்க, ராத்திரி ஷிப்டு முடியாதுன்னு கம்பெனில மூணு தடவ சொல்லியிருந்தா. உங்கப்பா அவகிட்ட ஒண்ணுமே பேசல. ஸ்லாவாவுக்கு வந்தார். மூணாவது கோப்பையோட அவ மாமியார் முன்னாடியே கேட்டார். முடிஞ்சுது."

"அவர் உங்க எல்லாரையும் பத்தி அவ்ளோ பாசமா..."

"பாசம் இல்லன்னு நான் சொல்லல. எம் பையனுக்கு ஆபரேஷன்னா அவர்தான் வண்டி அனுப்பினார். அதுவும் நெஜம், இதுவும் நெஜம்." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "வருஷம் பூரா அவர் கம்பெனில அவர் முதலாளி. ஒரே ஒரு நாள் என் வீட்டுல நான். அந்த ஒரு நாளையும் அவர் தலைமாட்டுல உக்காந்து எடுத்துக்குவார்."

"போன வருஷம் நான் டிரைவர் கையில பை அனுப்பினேனே, அதான் தப்புன்னு நெனச்சேன்."

இதற்கு ராதோய்கா நிஜமாகவே சிரித்தாள். தோள் குலுங்கியது. "அந்தப் பைய வாங்கி வெச்சுட்டு நானும் யாகோதாவும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம் பாரு! பதினெட்டு வருஷத்துல மொத தடவையா யாரும் எதுவும் கேக்கல. திகோமிர் பாட்டே பாடினார். நல்ல பொண்ணு, இவளோட வேலை பாக்கலாம்னு சொல்லிக்கிட்டோம். அப்புறம் செப்டம்பர்ல நீ எழுந்து நின்னு ஒரு பேச்சு பேசின. இனிமே நானே நேர்ல வருவேன்னு. பட்டியல் வேற ஒட்டினீங்க, தேதியோட."

"அதனாலயா கடிதம்?"

"யாகோதா அன்னிக்கே கேபிள் கம்பெனிக்கு ஃபோன் பண்ணிட்டா. எனக்கு மனசு வர ரெண்டு மாசம் ஆச்சு." கையைத் துடைத்தாள். "அங்க மேனேஜர் ஒரு ஸ்லோவேனியாக்காரன். எங்க வீடு எந்தத் தெருன்னுகூட அவனுக்குத் தெரியாது. அது எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

கூடத்தில் திகோமிர் மறுபடி கழுதைக் கதையை ஆரம்பித்திருந்தார். இந்த முறை அதைத் திருப்பாமல், முழுசாகச் சொன்னார். சிரிப்பு வெடித்தது.

நெவெங்கா கேட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு குழாய் இருக்கிறது என்று வெலிமிர் சொன்னது சரிதான். இரண்டாவதை அப்பா திறந்ததாகத்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் செய்ததோ, முடியாது என்று சொல்கிற வாயை அடைத்ததுதான். வாய் அடைபட்ட இடத்தில் வேலை நடக்கும். ஆனால் கறுப்பு நூலில் எந்தக் கண்ணி தப்பியது என்று ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள்.

அவள் வாயில் வாக்கியம் தயாராக இருந்தது. காரில் வரும்போது நான்கு தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். 'போகாதீங்க அக்கா. ஜனவரி வரைக்குமாவது.' பன்னிரண்டாயிரம் ஸ்வெட்டரும் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தன. இப்போது கேட்டால் ராதோய்கா சரி என்று சொல்லிவிடுவாள். மெழுகுவர்த்தி எரிகிறது. அவள் சரி சொல்லித்தான் ஆக வேண்டும். அதுதான் பயமாக இருந்தது.

"நான் இங்க எதுவும் கேக்க மாட்டேன்" என்றாள்.

ராதோய்கா கண்ணைச் சுருக்கினாள். "இது புதுத் தந்திரமா? தம்பி படிச்சுட்டு வந்ததா?"

"தெரியல அக்கா. எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு. ஆடு நல்லா இருந்துச்சு."

கோட்டை மாட்டிக்கொண்டு, கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். கேக் சாப்பிடவில்லை. யாகோதா முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள், எதையோ தேடுவதுபோல.

விருந்தாளியை வாசல்வரை கொண்டுவிட வேண்டும் என்பதால் ராதோய்கா ஏப்ரனோடு குளிரில் வந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கு மெஷின்ல இருப்பேன். கேக்கணும்னா அங்க வந்து கேளு."

"அங்க கேட்டா?"

"அங்க நீ முதலாளி, நான் வேலைக்காரி. முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு அங்கதான் வாய் வரும்."

"சொல்லப்போறீங்களா?"

"அத நீ அங்க வந்து கேட்டாத்தானே தெரியும்?" கேட்டைச் சாத்தினாள். உள்ளே போகும் வழியிலேயே ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கூடத்தில் பாத்திரங்கள் உருளுகிற மாதிரி ஒரு சிரிப்பு.

*

காரில் உட்கார்ந்ததும் வெலிமிர் கூப்பிட்டான். "கேட்டியா?"

"பலகைலேர்ந்து அந்தப் பட்டியல எடு."

"எந்தப் பட்டியல்? ஸ்லாவாவா? ஏன், அதுதானே நம்மகிட்ட இருக்கிற ஒரே..."

"இப்பவே எடு வெலிமிர். ரெண்டாவது ஷிப்டு கண்ணுல படணும், நீ எடுக்கறது."

"அவ இருக்கறாளா, போறாளா?"

"தெரியாது."

"தெரியாம எப்படி வந்த நீ?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் ஒப்ராத் அதே ஜன்னலோரம் காத்திருந்தார். காரின் சத்தம் கேட்டதுமே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்திருக்க வேண்டும். சால்வை நழுவிக் கிடந்தது.

"மூணாவதுக்கு அப்புறம்தானே கேட்ட?"

நெவெங்கா குனிந்து சால்வையை எடுத்தாள். எட்டு ஞாயிறைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் மடிமேல் கிடந்த அந்தக் கையைப் பார்த்ததும் பாதிதான் வெளியே வந்தது.

"அப்பா, ஸ்லாவாவுல நீங்க கேட்டதுக்கு எப்பவாவது யாராவது முடியாதுன்னு சொல்லியிருக்காங்களா?"

ஒப்ராத்தின் முகம் பிரகாசமாயிற்று. கோணிய வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

"இருபத்தெட்டு வருஷம்" என்றார். "ஒருத்தர்கூட. ஒருத்தர்கூடச் சொன்னதில்ல."

அவள் சால்வையை அவர் தோளில் போட்டு இறுக்கினாள். சொல்ல வேண்டியது ஒரு நாள் வரும், இன்று அதற்குத் தெம்பில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு இயந்திரக் கூடத்தில் அவள் போய் நிற்க வேண்டும், நின்றபடி கேட்க வேண்டும். அந்தக் கம்பெனியில் முதல் முறையாக ஒரு கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்கப்போகின்றன.